எரிமலையிலும் கூடைக்குக் கழிவு

போன சனிக்கிழமை பதுளை பஸ் நிலையத்தில் நமுனுகுல பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வாசுகி டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. வழவழவென்ற தாள்.

"அம்மா, முதல்ல அந்த வாங்கிலை இருங்கோ. பிறகு இதைப் பாருங்கோ."

உட்கார்ந்தேன். பார்த்தேன்.

பக்கம் முழுக்க ஒரே படம். பின்னால் புகை. முன்னால் ஒரு கிழவி. தலையில் கயிறு மாட்டி, முதுகில் பை தொங்குகிறது. பையின் வாயில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகள் பிதுங்கி நிற்கின்றன. ஈர முந்தானை முகத்தைப் பாதி மறைத்திருக்கிறது.

என் சேலை. என் மூக்குத்தி.

"கீழ என்ன எழுதியிருக்குங்க டீச்சர்?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார். "ஜாவாவின் எரிமலையில் கந்தகம் சுமக்கும் பெண். வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறாள்... ஒரு வார்த்தை பேசாமல்."

பஸ் வந்தது. போனது. நான் எழுந்திருக்கவில்லை.

நமுனுகுலயில் தேயிலைக் கொழுந்து எடுத்துத் தலை நரைத்தவள் ஜாவாவில் எப்படிக் கந்தகம் சுமந்தாள்? வாராவாரம் இங்கே எதை எதையோ எழுதுகிறேன். இதை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. கூச்சம்தான், வேறென்ன? கடையில் உப்பு கேட்கக்கூடப் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளையைத் துணைக்குக் கூப்பிடுகிறவள் நான். இனி மறைத்து என்ன பயன்... படமே வந்துவிட்டது.

போன வருஷம் ஜாவாவில் தோட்டப் பெண்களுக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. கொழுந்து எடுப்பவர்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் என்று பல நாட்டிலிருந்தும் வந்தார்கள். இந்தப் பத்தியை எழுதுகிற பாவத்துக்கு என்னையும் அழைத்துவிட்டார்கள். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், அதுவும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஆகவே ஆங்கிலம் பேச வாசுகி டீச்சர் துணை. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் படிப்பிக்கிறார். கல்யாணம் வேண்டாம், ஊர் சுற்றினால் போதும் என்று இருப்பவர்.

கூட்டம் முடிந்தும் விமானத்துக்கு நாள் இருந்தது.

"அறைக்குள்ள இருந்து என்ன செய்யிறது? எரிமலை ஒண்டு பாப்பம் அம்மா. முதுகுப்பையோட, வெள்ளைக்காரப் பிள்ளையள் மாதிரி, செலவில்லாமல்."

"எரியிற மலைக்குங்களா டீச்சர்?"

"எரியாது. சும்மா புகையும்."

"அடுப்பு புகைஞ்சாலே நான் வாசலுக்கு ஓடிருவேன்ங்க."

யார் கேட்டது? கூட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் டீச்சர் இரண்டு பைகளை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தோளில் மாட்டினேன். இரண்டு அடி நடப்பதற்குள் பின்பக்கமாகச் சாய்ந்தேன். தோளுக்குச் சுமை பழக்கமில்லை. பையின் காதில் ஒரு கயிற்றைக் கோத்தேன். கொழுந்துக் கூடையை மாட்டுவது போலத் தலையில் மாட்டினேன். அப்பாடா... பை முதுகில் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் பாக்கினம் அம்மா."

"பாக்கட்டுங்க. நம்ம தலை, நம்ம கயிறு."

மலிவுப் பயணம் என்றால் என்ன என்று அப்புறம்தான் தெரிந்தது. தங்கும் விடுதியில் ஒரே அறைக்குள் ஆணும் பெண்ணும். கட்டிலுக்கு மேலே கட்டில். என் தலைக்கு மேலே தாடி வைத்த ஒரு நெட்டைப் பையன். எனக்கு வந்த அதிர்ச்சியில் மூக்குத்தி கழன்று விழாதது ஆச்சரியம். அந்தப் பையனோ என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தன் சட்டையைத் துவைத்துக் கட்டில் கம்பியிலேயே காயப்போட்டான். காலையில் காய்ந்த பாண் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றான். அப்பா டாக்டராம், டீச்சர் விசாரித்துச் சொன்னார்.

ஒரே அறையில் எட்டுப் பேர், கொடியில் துணி, காய்ந்த பாண், ஒரு குழாய்க்கு வரிசை. இதை எங்கள் தோட்டத்து லய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கிறோம். இதற்காக ஒருவர் விமானத்தில் வருவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

தேநீர் இன்னொரு அதிர்ச்சி. மலை மலையாகத் தேயிலை விளைகிற நாடு. கோப்பையைத் தூக்கினால் மல்லிகைப்பூ வாசம். சாமிக்கு வைக்கிற பூவைத் தேயிலைச் சாயத்தில் ஏன் போடுகிறார்கள்? முந்தானையில் முடிந்து வைத்திருந்த நம் தோட்டத்துத் தூளில் ஒரு சாயம் போட்டுக் குடித்த பிறகுதான் நெஞ்சு அடங்கியது.

விடிந்ததும் மலை ஏறினோம். வழியில் டீச்சருக்கு ஒருவர் பழக்கமானார். பெயர் யாதி. என் இளைய மகன் வயது இருக்கும். தோளில் மூங்கில் தடி, தடியின் இரண்டு முனையிலும் வெறுங்கூடை. எரிமலைக் குழிக்குள் இறங்கி, கந்தகம் வெட்டி நிரப்பி, மேலே ஏறி, மறுபக்கம் பாதி மலை இறங்கி நிறுக்க வேண்டும். அவருடைய அரைகுறை ஆங்கிலத்தை டீச்சர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மத்தியானம் லொறி போயிடுமாம் அம்மா. அதுக்கு முதல் நிறுக்காட்டி இந்தச் சுமைக்குக் கூலி இல்லையாம். நேற்றைக்கும் புகை கூடிப்போய் வெறுங்கையோடதான் வீட்டை போனவராம்."

உச்சியில் நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் பச்சைப் பசேலென்று ஒரு குளம். அதன் கரையில் பூமி வாயைத் திறந்து மஞ்சள் புகையைக் கக்குகிறது. கந்தகம் என்றால் எனக்குத் தீக்குச்சி நாற்றம்தான் தெரியும். இது ஆயிரம் பெட்டியை ஒன்றாகக் கொளுத்தியது மாதிரி. அந்தப் புகைக்குள்ளே மனிதர்கள்... வாயில் துணியைக் கடித்துக்கொண்டு, கடப்பாரையால் குத்திக் கட்டி கட்டியாகப் பெயர்க்கிறார்கள். சுற்றிலும் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள்.

எங்கள் மலையிலும் வேன்கள் நிற்கும். கேமராவோடு இறங்குவார்கள். "கொஞ்சம் சிரிங்க புள்ளைகளா" என்பார் கங்காணி. சிரிப்போம். இன்றைக்கு நான் வேனிலிருந்து இறங்கிய பக்கத்தில் நிற்கிறேன். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

குழிக்குள் பாதி தூரம் இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தோம். யாதி சுமையோடு ஏறி வந்து எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றார். சட்டை விலகியிருந்தது. தோளில் எலுமிச்சை அளவுக்குக் காய்ப்பு. என் உச்சந்தலையில் முடி முளைக்காத ஒரு கோடு உண்டு, கூடைக்கயிறு போட்டது. குனிந்து அதைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார். தன் தோளைத் தட்டி, "கூலி" என்றார். அங்கேயும் அதே சொல்தான்.

அந்த நேரம் காற்றுத் திரும்பியது.

புகை எங்கள் மேல் கவிழ்ந்தது. கண் எரிந்தது, மூச்சு நின்றது. தண்ணீர்ப் போத்தலை முந்தானையில் கவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டேன். டீச்சர் பதறி எழுந்து ஓடப் பார்த்தார். கல் உருண்டது. விழுந்துவிட்டார்.

"கால் மடங்கிப் போச்சு அம்மா. ஊண்ட ஏலாது."

புகை விலகியபோது யாதி தடியை இறக்கி வைத்துவிட்டு டீச்சர் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார்.

"வேண்டாம், நீங்கள் போங்கோ, லொறி போயிடும்" என்று டீச்சர் அவரிடம் தமிழிலேயே சொன்னார். அவருக்கு என்ன புரியும்? ஒரு தரம் தன் கூடைகளைப் பார்த்தார். ஒரு தரம் சூரியனைப் பார்த்தார். டீச்சரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

இரண்டு கூடைக் கந்தகம் பாறையில் கிடக்கிறது. இவர் ஆளை விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் லொறி போய்விடும். இரண்டாம் நாளும் வெறுங்கை.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. குறித்த எடைக்குக் கொழுந்து இல்லாவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது பாதி நாள் சம்பளம். பிள்ளைத்தாய்ச்சியோ காய்ச்சல்காரியோ பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரிகள் போகிற போக்கில் ஆளுக்கொரு பிடி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவோம். யாரும் கேட்பதில்லை. யாரும் சொல்வதுமில்லை.

இங்கே பக்கத்து நிரையில் யார் இருக்கிறார்கள்? பார்த்தேன். முதுகுப்பைப் பிள்ளைகள்தான்.

என் பையிலிருந்த துணியையும் ரொட்டிப் பொட்டலத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, கொள்கிற மட்டும் கட்டிகளைப் பையில் போட்டேன். கயிற்றைத் தலையில் மாட்டினேன். கையில் இன்னொரு கட்டியை எடுத்துக்கொண்டு, முதலில் வந்த வெள்ளைத் தொப்பிக்காரப் பெண்ணிடம் நீட்டினேன்.

"நோ, நோ, தேங்க்யூ" என்றாள்.

விற்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மேலே போகிற டீச்சரைக் காட்டினேன், கூடையைக் காட்டினேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். கேமராவைத் தூக்கி என்னை ஒரு படம் எடுத்தாள். போய்விட்டாள்.

வெட்கத்தில் அந்தக் குழிக்குள்ளேயே விழுந்துவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் கட்டில்காரத் தாடி வந்து சேர்ந்தான். யாதியின் முதுகில் டீச்சரைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. தன் பையைத் திறந்து, ஈரச் சட்டையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கட்டிகளை அள்ளிப் போட்டான். கூட வந்தவர்களிடம் என்னவோ சொன்னான். பெரிய துண்டு எடுத்தவர்கள், சின்னத் துண்டு எடுத்தவர்கள், கூச்சப்பட்டுக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டவர்கள்... கூடை காலியானது. தாடி தடியைத் தோளில் வைத்துக்கொண்டான். வெறுங்கூடைகள் இரண்டும் இரண்டு பக்கமாக ஆடி அவன் முழங்காலிலேயே இடித்தன.

வழிநெடுக மூச்சு வாங்கி, ஏறி, இறங்கி, நிறுக்கிற கொட்டகைக்கு, எங்கள் பேச்சில் மடுவத்துக்கு, வந்தோம். லொறியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு யாதி திரும்ப ஓடப் புறப்பட்டவர், எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொருவராகத் தராசுத் தட்டில் கட்டியை வைத்தார்கள். யாதி முள்ளையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் மடுவத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம்.

நிறுவைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். எனக்கு அதிர்ச்சி. முள் காட்டியது ஒன்று, சீட்டில் இருந்தது அதைவிடக் குறைவு. யாதி பேசாமல் சீட்டை மடித்தார்.

"ஏன்ங்க டீச்சர் கொறையுது?"

டீச்சர் காலைப் பிடித்துக்கொண்டே விசாரித்தார். "கூடைக்குக் கழிச்சதாம் அம்மா. வழமையாம்."

கூடைக்கா?

இதே கழிவை எங்கள் மடுவத்தில் காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். கூடைக்கு, ஈரத்துக்கு, சாக்குக்கு... நானும் யாதி மாதிரித்தான் நின்றிருக்கிறேன், வாயைத் திறந்ததே இல்லை. அன்றைக்கு எனக்கு என்ன வந்தது? தாடியின் தோளிலிருந்து இரண்டு கூடைகளையும் உருவிக்கொண்டு போய் நிறுவைக்காரர் மேசையில் வைத்தேன்.

"கூடை இங்க இருக்குங்க ஐயா. தராசுல இல்ல. இல்லாத கூடைக்கு எதுக்குங்க கழிக்கிறீங்க?"

தமிழில்தான். சத்தமாக. மடுவமே திரும்பிப் பார்த்தது. நிறுவைக்காரர் கூடையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார். சீட்டை வாங்கி அடித்துத் திருத்தினார்.

டீச்சர் வாயைப் பிளந்தபடி இருந்தார். "அம்மா, நீங்கள்தானே உப்பு வாங்கப் பயப்பிடுறனியள்?"

ஊர் திரும்பிய பிறகு, மருமகள் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் சில நாள் நானும் போய் நிற்கிறேன். ஒன்றும் சொல்வதில்லை, சும்மாதான் நிற்கிறேன். கணக்கப்பிள்ளைத் தம்பிக்கு டீச்சர் கதையைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "அம்மாயி வந்திருச்சு. கூடையக் கொட்டிட்டு நிறுங்கப்பா" என்கிறார்.

அந்தத் தொப்பிக்காரப் பெண்ணும் எங்களோடு மடுவம் வரைக்கும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்துக்குக் கீழே எழுதியதில் நாடு தப்பு, சுமை தப்பு. வாழ்நாள் முழுக்கச் சுமந்தேன் என்பது சரி.

'ஒரு வார்த்தை பேசாமல்' என்பதும் சரிதான்... அவள் படம் எடுத்த நிமிஷம் வரைக்கும்.