பக்கத்து மீட்டரின் சக்கரம்

எங்கள் வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இரண்டு கரண்ட் மீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடது பக்கம் எங்களுடையது, வலது பக்கம் மேல்வீட்டுக்காரர்களுடையது. கண்ணாடிக்குள்ளே ஓர் அலுமினியச் சக்கரம் சுற்றும், அதில் ஒரு கறுப்புக் கோடு. தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் பேகம்பூர் போகும் வழியில் குடியிருந்த அந்த இரண்டு வருடமும் நான் அந்தக் கோட்டைப் பார்த்தே வயிறெரிந்தேன். எங்கள் கோடு பறக்கும். அவள் கோடு ஆடி அசைந்து வரும்.

அவள் என்றால் மேல்வீட்டுப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். எப்போதும் சிரித்த முகம், அதுவே எனக்குப் பிடிக்காது.

ரீடிங் எடுப்பவர் இரண்டு அட்டையிலும் எழுதிவிட்டுப் போனதும் என் கணவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

“மேல இருக்குற பிள்ளையப் பாரு. அங்கயும் நாலு பேரு, இங்கயும் நாலு பேரு. அது எம்புட்டுப் பொறுப்பா இருக்கு! நீயும்தான் இருக்கியே.”

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை மெச்சியதில்லை. அந்த வாயிலிருந்து ‘பொறுப்பு’ என்று ஒரு சொல் வந்தது, அதுவும் இன்னொருத்திக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சொல்லை என் பக்கம் இழுத்தே தீருவது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் வீடு இரண்டுபடும்படி கத்தினேன். சாயங்காலமானால் எல்லாரும் ஒரே அறையில், ஒரே டியூப்லைட்டின் கீழ். பிள்ளைகள் படிப்பார்கள், நான் காய் நறுக்குவேன், அவர் பேப்பர் பார்ப்பார். தினம் ஒரு சட்டை என்று தேய்த்ததை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் வாரத்துக்கும் சேர்த்துத் தேய்த்தேன். கடைசி இரண்டு சட்டைக்கு ஸ்விட்சை அணைத்துவிட்டு மிச்சமிருக்கும் சூட்டிலேயே இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவேன். குழம்பு நன்றாக ஆறாமல் ஃப்ரிட்ஜுக்குள் போகாது. நாளாக நாளாகக் கை தானாகவே ஸ்விட்சுக்குப் போனது. ஒருநாள் கோயிலில் பூசை முடிந்து கிளம்பும்போது தலைக்கு மேலே ஓடிய ஃபேனை அணைத்துவிட்டேன். பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் கோடு பழையபடியே பறந்தது. அவள் கோடோ முன்னைவிட மெதுவாகிவிட்டது! நான் செய்வதைப் பார்த்து எனக்கு மேலே ஒரு படி போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் மேலே காலை ஆறு மணிக்கே மிக்ஸி அலறும், பகலெல்லாம் டிவி பாடும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“உனக்கு மட்டும் எப்படிம்மா இம்புட்டுக் கம்மியா ஓடுது?”

“தெரியலக்கா, நான் ஒண்ணுமே செய்யலயே” என்று சிரித்தாள். மறைக்கிறாள் கள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருடக் கிறிஸ்துமஸுக்கு வாசலில் காகித ஸ்டார் கட்டினோம். உள்ளே ஜீரோ வாட்ஸ் பல்புதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மகள் அழுதாள். அந்தப் பல்பும் விட்டு விட்டு எரிந்தது. ஹோல்டரைச் சரிசெய்ய, கணவர் வீட்டு மெயினை அணைத்தார். வழக்கம்போல் நான் போய் மீட்டரை எட்டிப் பார்த்தேன். எங்கள் வீடு இருட்டு. எங்கள் சக்கரம் மட்டும் பறந்துகொண்டிருந்தது. வலது பக்கத்துச் சக்கரம் அசையாமல் நின்றது.

மெயினைப் போடச் சொன்னேன். வலது சக்கரம் மெல்ல நகர்ந்தது. திரும்ப அணைக்கச் சொன்னேன், நின்றது. வீட்டு ஓனர் வைத்த வயர்மேன் இரண்டு வீட்டுக் கம்பிகளையும் மீட்டரில் மாற்றிக் கொடுத்திருக்கிறான். இரண்டு வருடமாக நான் என்னைப் பார்த்தே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

“அந்தப் பொறுப்பான பொம்பள நான்தாங்க!” என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப இம்புட்டு நாளும் அவுக பில்லை நாமளா கட்டுனோம்?” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். அவ்வளவுதான்.

நானும் பின்னாலேயே போனேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், அதை மறைப்பானேன். விஷயத்தைக் கேட்டதும் சுருங்கத்தான் செய்தது. கண்ணே கலங்கிவிட்டது. அவள் கணவர் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருந்தவர். எங்களுக்குச் சேரவேண்டியதைத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இதுக்குப் போயி கண்ணக் கசக்குறியே! விடிய எந்திரிச்சு எங்களுக்குச் சட்னி அரைச்சுத் தாரே. மிக்ஸி ஓடாம சட்னி வருமா? விடு தாயி, அக்காகிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டாப் போச்சு.”

அவள் அழுகையோடு சிரித்தாள். நாங்கள் இறங்கி வந்தோம். மேலே அவர்கள் பேசிச் சிரிப்பது மாடிப்படிவரை கேட்டது. இவர் ஸ்டாரின் ஹோல்டரை முறுக்கிக்கொண்டிருந்தார். மீட்டரில் நான் அவளை ஜெயித்தாயிற்று. ஆனாலும் அன்றைக்குப்போல எனக்கு அவள்மேல் என்றைக்கும் வயிறெரிந்ததில்லை.