இரண்டு கம்பியும் ஒரு தம்ளர் தண்ணீரும்

ஃபில்டர் அக்கா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாத வீடு கிடையாது. நீல நிறக் கம்பெனிக் கோட்டை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு வருவாள். மணியை அடித்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பாள். கதவைத் திறக்கிறவர்கள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "ஒண்ணும் வாங்க வேணாங்க. உங்க வீட்டுத் தண்ணி ஒரு தம்ளர் குடுங்க, போதும்" என்பாள். தண்ணீர் கேட்கிறவளை யார் விரட்டுவார்கள்? பாதி வியாபாரம் வாசலிலேயே முடிந்துவிடும்.

மீதியைப் பையில் இருக்கும் கருவி பார்த்துக்கொள்ளும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து தொங்கும் இரும்புக் கம்பிகள். வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு தம்ளர், தான் விற்கும் ஃபில்டர் மெஷினில் பிடித்துக் கொண்டுவந்த தண்ணீர் ஒரு தம்ளர். இரண்டிலும் கம்பியை விட்டு சுவிட்சைப் போடுவாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய்த் தண்ணீர் பழுப்பேறி, நுரை கட்டி, சாக்கடையாகிவிடும். மெஷின் தண்ணீர் ஊற்றியது ஊற்றியபடி பளிச்சென்று நிற்கும். "இதத்தான் இத்தனை நாளா குழந்தைக்குக் குடுத்துட்டு இருந்தீங்க" என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். பெற்றவள் அப்போதே மெஷின் என்ன விலை என்பாள்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பழுப்பு தண்ணீரின் அழுக்கு அல்ல. கம்பியின் இரும்பு. தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சத்து இருந்தால் மின்சாரம் ஓடும், கம்பி கரையும், நிறம் மாறும். மெஷினுக்குள் இருக்கும் மெம்பரேன், காகிதச் சுருள் போலச் சுற்றிவைத்த ஒரு மெல்லிய சவ்வு, உப்பை வடிகட்டிவிடுவதால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் ஓடாது. சூட்சுமம் அவ்வளவுதான். அருமையான குடிதண்ணீரும் அந்தத் தம்ளரில் பழுப்பேறத்தான் செய்யும். கம்பெனிப் பயிற்சியிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். "நாம எங்கயும் பொய் சொல்றதில்ல. கம்பிய விடுறோம், மிச்சத்த அவங்க கண்ணு சொல்லிக்குது" என்றார் ஏரியா மேனேஜர். வாயை வைத்தே பிழைத்துக்கொள்ளும் ரகம் அவர்.

நாக்கில் வைக்க முடியாதபடி உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வரும் தெருக்களில் அந்த மெஷின் அவசியமான சாமான்தான். ஆரம்பத்தில் அவள் விற்றதெல்லாம் அங்கேதான். மனசாட்சியும் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெம்பரேன் மலிந்துபோனது. ஆளாளுக்கு ஒரு கம்பெனி, மூலைக்கு ஒரு கடை. மெஷின் விற்பது கல்யாணம், அதற்கப்புறம் அவ்வப்போது மெம்பரேன் மாற்றிக் கொடுப்பதுதான் குடித்தனம் என்பது மேனேஜரின் தத்துவம். அந்தக் குடித்தனத்தைப் போட்டிக்காரர்கள் பாதி விலைக்கு வந்து கலைத்துக்கொண்டிருந்தார்கள். "புது ஏரியா புடிங்க. இல்லன்னா வேற வேலை புடிங்க" என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த ஏரியா ஒன்றே ஒன்று. அங்கே போகமாட்டேன் என்று அவள் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். ஏரித் தண்ணீரை மணல் படுகையில் வடித்து, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் வேலை. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஒரு தம்ளரை நீட்டி, "நம்ம தண்ணி, குடிச்சுப் பாருங்க" என்பார், ஏதோ தானே மாடு கறந்து கொண்டுவந்தது போல. மனைவி மெஷின் விற்கப் போகிறாள் என்றபோதும் அவர் கோபப்படவில்லை. "உப்புத் தண்ணி உள்ள இடத்துல வித்துக்க. என் குழாய் போற தெருவுக்கு மட்டும் போகாத" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

அந்தக் குழாய் போகும் புதுக் குடியிருப்புக்குள்தான் அவள் இப்போது நுழைந்தாள். அங்கே அவளை இன்னார் மனைவி என்று யாருக்கும் தெரியாது. முதல் வீட்டில் கம்பியை விடும்போது கை நடுங்கியது. நாலைந்து வீடு தாண்டியதும் நடுக்கம் போய்விட்டது. கேவலம் என்று பார்த்தால், நடுங்கியதைவிட அது நின்றுபோனதுதான் பெரிய கேவலம். குடியிருப்பு முழுக்க மெஷின் ஏறியது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போய் வந்தார். கையில் ஒரு பாட்டில், அதற்குள் பழுப்புத் தண்ணீர்.

"குடியிருப்புக்காரங்க கூட்டமா வந்துட்டாங்க. நாங்க குடிக்கிற தண்ணிய நீயே குடிடான்னு ஒருத்தர் இத மூஞ்சிக்கு நேரா நீட்டறாரு. லேப்ல சரியாத்தான் இருக்கு. ஆனா கண்ணால பாத்தவங்ககிட்ட ரிப்போர்ட்ட நீட்டினா எவன் நம்புவான்?"

அவள் பாட்டிலைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள்.

"யாரோ ஒரு பொம்பளை வந்து காட்டினாளாம். உங்க கம்பெனி ஆளா என்னன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன். நீதான் அந்தப் பக்கம் போறதில்லையே."

சந்தேகத்தோடு கேட்டிருந்தால் கூட அவள் ஏதாவது சண்டை போட்டுத் தப்பித்திருப்பாள். மனுஷன் நம்பிக்கையோடு கேட்டார். "விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் நிலையத்திலேயே பழியாய்க் கிடந்தார். கழுவிய மணல் படுகையை மறுபடியும் கழுவினார். குழாய் இணைப்புகளைத் தோண்டிப் பார்த்தார். எங்கேயும் ஒன்றும் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் முன்னால் குடியிருப்புக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் அவரை அந்த வேலையிலிருந்து தூக்கிவிடுவதாகப் பேச்சு. அதற்கு முந்தின நாள், கடையில் விற்கும் தண்ணீர் கேன் ஒன்றைத் தோளில் சுமந்து வீட்டுக்குள் வந்தார்.

"எனக்கே குடிக்கப் பயமா இருக்கு" என்றார்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள். பையிலிருந்து கருவியை எடுத்தாள். கேன் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து, கம்பியை விட்டாள். பளிச்சென்று இருந்தது. பிறகு சமையல் உப்பு ஒரு சிட்டிகை போட்டாள். அவர் தோளில் வைத்துக் கொண்டுவந்த அதே தண்ணீர் பழுப்பாகி நுரைத்தது. அவள் கம்பியை எடுத்து, அரித்துப்போன நுனியைக் காட்டினாள்.

அவர் கம்பியை வாங்கி நுனியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொம்பளை நீதானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நாளைக்கு நானே வந்து செஞ்சு காட்டறேன்" என்றாள் அவர் பக்கத்தில் போய் நின்று. "கம்பெனி ஆளுன்னு சொல்லிக்கிறேன். நான் யாருன்னு நீங்க காட்டிக்க வேணாம். உங்களுக்கு அசிங்கம்."

அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நிலையத்து முற்றத்தில் அந்தக் குடியிருப்பே நின்றது. அவள் நீலக் கோட்டோடு போய், ஒரு மேஜைமேல் தம்ளர்களை வைத்தாள். அவர்கள் வீட்டு மெஷினில் பிடித்த தண்ணீரிலேயே உப்பைப் போட்டுப் பழுப்பேற வைத்தாள். அரித்த நுனியைத் தூக்கிக் காட்டி, பழுப்பெல்லாம் கம்பியின் இரும்புதான் என்று விளக்கினாள். பிறகு இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"இதத்தான் குழந்தைக்குக் குடுத்தீங்கன்னு என் வீட்டுல வச்சு சொன்னீங்களே. நீங்க போனப்புறம் எவ்வளவு நேரம் அழுதேன் தெரியுமா?"

குழந்தை ஃபில்டர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தது. அப்படியே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி ஆபரேட்டரைப் பார்த்தார். "யாருய்யா இந்தம்மா? உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, கம்பெனி ஆள் என்று சொல்லிவிடட்டும், சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் மேஜையருகே வந்தார். ஒரு காலித் தம்ளரை எடுத்து, முற்றத்துக் குழாயில் பிடித்து, பாதியைக் குடித்தார். மீதியை அவளிடம் நீட்டினார்.

"என் சம்சாரம் சார்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.