குரலுக்கு முதல் வரிசை

போர்க்காலத்தில், இரவு ஊரடங்குக்கு முந்திய அந்த மாலைகளை நினைத்தால் கலீலுர் றஹ்மானுக்கு இன்றும் காதுக்குள் ஒரே சத்தம். இரண்டாயிரத்து ஏழில் ஓர்ஸ் ஹில்லில் அவர் நடத்திய தொலைத்தொடர்புக் கடையில் எள் போட்டால் விழாது. நான்கு போன் கூண்டுகளிலும் ஆட்கள் இன்டர்நெட் போனில் கட்டாருக்கும் கனடாவுக்கும் தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தினால்தான் கடல் தாண்டிக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை. இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள், யாரும் கத்துவதில்லை. அது பாழாய்ப்போன காலம்தான், ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு அவர் மனம் ஏங்குகிறது.

கடைக்கு வந்த இணைப்போ நூல் மாதிரி மெல்லியது. அதனால், எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் றஹ்மான் ஒரு சட்டம் போட்டிருந்தார். போன் குரலுக்கு முதல் வரிசை. அது காலியானால்தான் கணினிகளின் வரிசைக்கு வழி. கிண்ணியாத் துறையில் வாகனங்கள் பாதைப் படகில் ஏறும்போது அம்புலன்சை முன்னே விடுவதில்லையா, அப்படி. பாட்டு இறக்க வந்த இளசுகள் புறுபுறுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

மூலைக் கணினிக்கு அன்னலட்சுமி அக்கா வருவார். சண்டையில் கட்டைபறிச்சான் ஊரை விட்டு ஓடிவந்த வழியில் கணவரை ஷெல்லுக்குப் பறிகொடுத்தவர். லண்டனில் இருந்த ஒரே மகனுக்கு அது தெரியாது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. தாயும் மகனும் கமரா முன்னால் கைச்சாடையில்தான் கதைப்பார்கள். வேறு யாரும் எழுதி அறிவிக்க அக்கா விடவில்லை, தன் கையாலேயே சொல்லவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் படம் அடிக்கடி நின்றுவிடும். "லைன் சரியில்லை அக்கா" என்பார் றஹ்மான். றஹ்மானே அதைத்தான் நம்பினார்.

ஒருநாள் சொல்லியே தீருவது என்று அக்கா வந்திருந்தார். கூண்டுகள் நிரம்பியிருந்தன.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ. அப்பா செத்துப்போனார் எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளை சிரிச்சபடியே இருக்கிறான்."

றஹ்மான் திரையைப் பார்த்தார். அசையாத சிரிப்பு. பின்னால் நாலு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. லைனில் பிழையே இல்லை; நாலு குரலும் ஓயாமல் போனதால் படத்துக்கு வழி கிடைக்கவில்லை. வாயால் பேசுவது மட்டும்தான் பேச்சு என்று நினைத்துச் சட்டம் போட்ட மடத்தனம்.

ஓடிப்போய்ச் சுவிட்சின் சட்டத்தை மாற்றினார். ஒன்று தீரும்வரை மற்றது காத்துக் கிடக்க வேண்டாம். முறை வைத்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் போகட்டும். மூலைக் கணினிக்குத் தாராளமாகவே பங்கு வைத்தார்.

"றஹ்மான் நானா, குரல் வெட்டுது!" என்று கூண்டுக்குள் கட்டாருக்குப் பேசிக்கொண்டிருந்த தாஹிர் கத்தினான்.

"வெட்டினா வெட்டட்டும், கொஞ்சம் பொறு!"

திரையில் மகன் அசைந்தான். சிரித்துக்கொண்டே கைகளை ஆட்டினான்.

"என்ன சொல்லுறார் அக்கா?"

"நான் சொன்னது ஒண்டும் போய்ச் சேரேல்ல, தம்பி. அடுத்தமுறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

அன்னலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கைகளைத் தூக்கினார். இந்தமுறை படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. பிள்ளையின் முகத்தில் சிரிப்பு அடங்குவதை அவர் முழுவதும் பார்த்தார்.