தலை, தோள், முட்டி

நாத்தனாரும் நானும் பேச்சை நிறுத்தி வருடம் ஒன்று ஓடிய பிறகு, இருவர் கையிலும் கம்பைக் கொடுத்து எதிரெதிரே நிற்க வைத்தார்கள். அன்று தெருவே களத்துமேட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"இனிமே பஞ்சாயத்தே வேணாம், அதுங்களே தீத்துக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய தங்கைதான் என் நாத்தனார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சிரிக்காமல் அவர் என்ன செய்வார்?

சண்டை என் மகளின் மஞ்சள் நீராட்டில் வந்தது. முதல் சொம்புத் தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். சீர் வாங்கப் போன அத்தையோ காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் திரும்பும் பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, என் அக்கா ஊற்றிவிட்டாள். நாத்தனார் வந்து பார்த்தாள், சீர்த்தட்டை வைத்தாள், சாப்பிடாமல் போனாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து 'அண்ணி' என்ற சொல் வரவே இல்லை. சாப்பிடாமல் போனவளை நான் மட்டும் வலியப் போய்க் கூப்பிடுவேனா? ஆனாலும் பக்கத்து வீடு. துணி காயப்போடும்போதெல்லாம் அவள் குரலைத் தேடிக் காது நீளும். வெட்கங்கெட்ட காது.

சிலம்பம் சொல்லித்தந்த மாஸ்டர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், என்னைவிட இளையவர். மகள்களைக் கூட்டிக்கொண்டு போன அம்மாக்கள் நாங்களும் மெல்லச் சேர்ந்துகொண்டோம். அவர் உயரம் பார்த்து ஜோடி பிரித்தார். என் உயரத்துக்கு அவளை விட்டால் ஆளில்லை.

ஜோடிப் பயிற்சியில் எல்லாமே முன்கூட்டிப் பேசி வைத்ததுதான். முதலில் தலை, பிறகு தோள், கடைசியில் முட்டி. அதிலும் அடிக்கிறவர் இடத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா மாஸ்டர் இது, சொல்லிட்டு அடிக்கறது? நாடகமா?"

"வர்ற அடி தெரிஞ்சாதான்க்கா எதிர்ல கீறவங்க ஓடாம நிப்பாங்க. அவங்க நின்னாதான் நீ முழுசா அடிக்க முடியும். ஒண்ணு மட்டும் மறக்காத. தலைய பாக்காத, அவங்க கம்ப பாரு. கம்பு எழும்பலன்னா உன் கை நிக்கணும்."

அவர் சொன்னது சரிதான். இஷ்டப்படி ஆடச் சொன்ன நாட்களில் இருவரும் எட்ட நின்று கொக்கு மாதிரி கழுத்தை நீட்டினோமே தவிர, ஓர் அடிகூட உருப்படியாக விழவில்லை. ஜோடிப் பயிற்சி என்றால் கதை வேறு. 'தலை!' என்று கத்தி, ஒரு வருடக் கோபத்தையும் சேர்த்து இறக்குவேன். அவள் கம்பு டக்கென்று குறுக்கே வரும். அவள் முறை வந்ததும் 'முட்டி!' என்று திருப்பித் தருவாள், அன்றைக்குச் சாப்பிடாமல் போன பசியோடு. உள்ளங்கை எரியும், மனசு லேசாகும். எங்களுக்குள் இருந்த பேச்சு மொத்தமும் அந்த மூன்று சொற்கள்தான். அதற்காகவே சாயங்காலம் எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன். நான் கேட்க ஏங்கிய சொல் மட்டும் வரவில்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று எங்களை ஆடச் சொன்னார்கள். புழுதி அடங்கட்டும் என்று கோவில் முன்னால் யாரோ தாராளமாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பம்பை மேளச் சத்தத்தில் நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, அடுத்தது எதுவென்று இருவருக்கும் தெரியுமே. தலைக்கு ஓங்கி வீசினேன். அந்த நேரம் பார்த்து அவள் கால் ஈரத்தில் வழுக்கி, ஒரு முட்டி தரையில் ஊன்றியது. அவள் கம்பு எழும்பவில்லை.

என் கை நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது, அவளுடைய வகிட்டுக்கு ஒரு விரல் மேலே.

பம்பை ஓய்ந்துவிட்டது. இவளுக்கு ஒன்று ஆகியிருந்தால் என்ற நினைப்பில் கம்பைக் கீழே போடப் போனேன்.

அவள் சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கம்பைக் குறுக்கே பிடித்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற அண்ணி? தோளு பாக்கி கீது, முட்டி பாக்கி கீது. அடி!"

அடித்தேன். கண்ணீரில் எனக்குத் தோளும் தெரியவில்லை, முட்டியும் தெரியவில்லை. அவள் கம்பு மட்டும் வர வேண்டிய இடத்துக்குச் சரியாக வந்தது.

ஆட்டம் முடிந்ததும் கூழ் அண்டாவிலிருந்து முதல் சொம்பை வாங்கி அவளிடம் நீட்டினேன்.

"இத்த குடிக்காம போ, பாக்கறேன். சொல்லாமயே அடிப்பேன்" என்றேன்.