ஜார்ஜிய மொழியில் பாலவாக்கம் வரை

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் என் மனைவி சொல்லும்போது உங்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்கும். பக்கத்து வீட்டு காலிங் பெல்லை அழுத்துவதற்குள் சட்டையைப் பலமுறை இழுத்துவிட்டுக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன், கருங்கடல் ஓரத்தில் இருக்கிற ஜார்ஜியா என்ற நாட்டுக்குப் போய், ரோட்டோரம் நின்று, போகிற வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, லிஃப்ட் கேட்டே நாடு முழுக்கச் சுற்றப்போவதாக ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். லீவும் சாங்ஷன் ஆகிவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மரியாதைக்காக, மனைவியிடமும் சொன்னேன்.

அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ரங்கநாதன் தெருவுல ஒரு பாத்திரக் கடைக்கு வழி கேக்க வெக்கப்பட்டு, மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்த ஆளு நீங்க. ஞாபகம் இருக்கா?"

"அது தமிழ்ல கேக்கணும். இது வேற பாஷை."

தப்பிப்பதற்காகச் சொன்னதுதான். பிறகு யோசித்தால் அதுதான் உண்மை. தமிழில் ஒருவரிடம் ஓசியில் எதையாவது கேட்டால், கேட்பது நான், என் குடும்பம், என் படிப்பு எல்லாம். புரியாத பாஷையில் கேட்டால் வெறும் சத்தம்.

அந்தச் சத்தங்களைக் கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தது. எங்கள் மாடி வீட்டுப் பெண் ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். லீவில் வந்தவளை அவள் அப்பா தி. நகரில் இருக்கும் தன் ரெடிமேட் கடையில் உட்கார வைத்திருந்தார். ஆபீஸ் முடிந்து நான் அங்கே போய்விடுவேன். நைட்டிகள் தொங்குகிற கம்பிக்கும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் அடுக்குக்கும் நடுவே நின்றபடி பாடம்.

"காமர்ஜோபான்னா வணக்கம் அங்கிள். மாத்லோபான்னா நன்றி. கின்னா ஆமா. அரான்னா இல்லை. 'வேர் காவிகே'ன்னா புரியலை. உங்களுக்கு அது நிறைய தேவைப்படும்."

"இந்த ஊருக்குப் போறீங்களான்னு எப்படிக் கேக்கறது?"

"ஊர் பேரோட ஒரு 'ஷி' சேர்த்துட்டு, மிதிகார்த்னு கேளுங்க."

"பாலவாக்கம்ஷி மிதிகார்த்?" என்றேன் சத்தமாக. உள்பாவாடை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இந்தக் கலர் இல்லியாம்மா, அவரு என்ன சொல்றாரு?" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது. வண்டியிலிருந்து இறங்கும்போது 'போயிட்டு வரேன்' என்பதற்கு என்ன என்று கேட்டேன். நாக்வம்திஸ் என்றால் போதும், 'பார்க்கலாம்' மாதிரி என்றாள். எனக்கு அது போதவில்லை. ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது வருவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கிளம்புவது? அவள் பொறுமையாகச் சொன்னாள்: "அங்கிள், நீங்க அங்க போயிட்டு வரேன்னு சொன்னா, நிஜமாவே வருவீங்கன்னு நெனச்சு வண்டிய ஆஃப் பண்ணிட்டு அங்கயே நிப்பாங்க."

சரி என்று நாக்வம்திஸைப் பாடம் செய்தேன். குளிக்கும்போதும் சொன்னேன். குக்கர் விசிலுக்கும் சொன்னேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், மனைவி பரீட்சை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலவாக்கத்தில் அவள் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அடையாறு வரை ஸ்கூட்டரில் கொண்டுவிடுவாள். அங்கிருந்து நான் லிஃப்ட் கேட்டு வர வேண்டும், ஜார்ஜிய மொழியில் மட்டும். அவள் பின்னாலேயே வருவாள்.

"அந்த வண்டி உங்களை எறக்கிவிட்டுக் கெளம்பற வரைக்கும் வாயிலேர்ந்து ஒரு தமிழ் வார்த்தை வரக்கூடாது. வராம இருந்தா நீங்க ஜார்ஜியா போங்க, நான் குறுக்க பேச மாட்டேன். வந்துதோ, டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க. அந்த லீவுல பரண் சுத்தம் பண்ணலாம்."

எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன பாடுபட்டேன் என்பது புரியும்.

அடையாறு டிப்போ தாண்டிக் கொஞ்சம் தள்ளி, முதுகில் பையோடு நின்று கட்டைவிரலை நீட்டினேன். நம் ஊரில் கட்டைவிரலுக்கு எந்த அர்த்தமும் இல்லை என்பது நின்ற பிறகு தெரிந்தது. ஷேர் ஆட்டோக்கள் மட்டும் வரிசையாக வந்து நின்றன. "திருவான்மியூர், திருவான்மியூர், ஏறு சார்!" நான் "அரா" என்றேன். அந்த ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அடுத்து ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் என் ஆபீஸ் பையன். "சார்! இங்க என்ன பண்றீங்க?"

"வேர் காவிகே," என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மெதுவாகப் போனான். மறுநாளிலிருந்து அவன் என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை. ஃபைலைக்கூட மெத்தென்று வைக்கிறான்.

கடைசியாக ஒரு மீன் வண்டி நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகள், கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"இன்னா நைனா, எங்க போவணும்?"

"காமர்ஜோபா. பாலவாக்கம்ஷி மிதிகார்த்?"

"பாலவாக்கமா? அத்த சொல்லு. ஏறு."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் எதற்கு வெட்கப்பட்டேன் என்றே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஸ்கூட்டர் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"இந்திக்காரனா?" என்றார் டிரைவர்.

"அரா."

"தெலுங்கா?"

"அரா."

"தமிளு கொஞ்சமாச்சும் தெர்யுமா?"

"வேர் காவிகே."

"தெர்யாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நல்லதாப் போச்சு."

திருவான்மியூர் சிக்னலில் வண்டி நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"உங்கையில சொல்றதுக்கு இன்னா. நொச்சிக்குப்பத்துல எங்க அப்பன், அண்ணன், மச்சான் அல்லாரும் கடலுக்குப் போறவனுங்க. நான் ஒர்த்தன்தான் வண்டி ஓட்டிக்கினு கீறேன். ஏன்?"

என் பக்கம் திரும்பினார். "கி," என்றேன்.

"முதுவு வலின்னு வூட்ல சொல்லி வச்சிக்கீறேன். முதுவுல ஒண்ணியும் கெடையாது. படகுல கால வச்சா வாந்தி வருது நைனா. கரையிலேர்ந்து இன்னும் கெளம்பவே இல்ல, கயித்துல கட்டி வச்சிக்கினு கீது, அதுக்கே வாந்தி."

ஜார்ஜியனுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரக்கூடாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு மருந்துக் கடை போர்டை ஆழ்ந்து படித்தேன். பிறகு, ஜார்ஜியனுக்கு அதைப் படிக்கவும் தெரியாதே என்று நினைவு வந்து பார்வையை விலக்கிக்கொண்டேன்.

"எம் பொண்டாட்டி தெனிக்கும் தைலம் தேச்சு வுடறா. இல்லாத வலிக்கு. கையி எரியுதுன்னுவா, ஆனா வுடமாட்டா. அத்த நெனச்சாத்தான் ஒரு மாரி கீது." சிக்னல் விழுந்தது. கியர் போட்டார். "குப்பத்துல ஒரு ஈ காக்காவுக்குத் தெர்யாது. உங்கையில சொன்னதும் கொஞ்சம் லேசா கீது, போ."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. 'எனக்கும் பொருட்காட்சி ராட்டினத்தில் அப்படித்தான் அண்ணே' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜார்ஜிய மொழியில் எனக்கு ராட்டினமும் தெரியாது, வாந்தியும் தெரியாது. "கி, கி," என்று தலையை ஆட்டினேன். நான் ஆட்டிய தலையில் அவருக்கு என்ன தெரிந்ததோ, டேஷ்போர்டிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

பாலவாக்கத்தில் மச்சினர் வீட்டுத் தெருமுனையில் வண்டி நின்றது. ஸ்கூட்டர் பின்னால் வந்து நின்றது. மனைவி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு காதைத் தீட்டினாள். நான் இறங்கினேன். இன்னும் இரண்டே வார்த்தை. சொன்னால் ஜார்ஜியா.

"மாத்லோபா," என்றேன். ஒன்று முடிந்தது.

அவர் என் பையை எட்டி எடுத்து, கீழே ஐஸ் தண்ணீர் தேங்கியிருந்ததால் அதில் படாமல் என் கையிலேயே கொடுத்தார். "பாத்துப் போ நைனா. வெய்யிலு ஜாஸ்தியா கீது."

எல்லாம் அந்தப் 'பாத்துப் போ'வால் வந்தது. பிறந்ததிலிருந்து எந்த வாசலையும் நான் அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டியதில்லை. பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறேன்.

"போயிட்டு வரேண்ணே," என்றேன்.

ஸ்கூட்டர் எஞ்சின் அணைந்தது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, என் ஜார்ஜியா அதோடு அணைந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கருங்கடலும் பரணும் நினைவுக்கே வரவில்லை. டிரைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடையாறிலிருந்து பாலவாக்கம் வரை தான் பேசியதை எல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே," என்றேன் அவசரமாக. "மறுபடி பாத்தாக்கூட இதைப் பத்திப் பேச மாட்டேன். சத்தியமா. போயிட்டு வரேன்."

அவர் கியரைப் போட்டார்.

"வராத."