தழும்பை மறைத்த உறை

விபத்துச் சிகிச்சை மருத்துவமனையில் அவருக்கு வேலை, தெரியாமல் இருப்பது. கேலி இல்லை, சம்பளமே அதற்குத்தான். முழங்கால் எலும்பு உடைந்தவர்களுக்கு அறுவைக்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தால் பின்னால் நன்றாக நடக்கிறார்களா, வெறும் எக்ஸ்ரேயே போதுமா என்று அங்கே ஓர் ஆராய்ச்சி. நடையை அளந்து மார்க் போடுபவர் நம்மவர். யாருக்கு எதை எடுத்தார்கள் என்று தெரிந்தால் மார்க் கோணலாகிவிடுமாம். ஸ்கேன் பார்த்து அறுத்தால் அறுக்கும் இடமே மாறலாம். அந்தத் தழும்பைப் பார்த்துக்கூட ஊகித்துவிடக் கூடாதென்று, நோயாளிகள் இரண்டு காலிலும் தொடைவரை தடித்த உறை மாட்டிக்கொண்டுதான் அவர் அறைக்குள் வருவார்கள். சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தெரியாதப்பா'.

அப்படிப்பட்டவருடைய மனைவியின் தம்பி, பஸ் டிரைவர், பைக்கிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். ஆராய்ச்சிக்குள்ளும் சேர்ந்தான், அக்கா வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தான்.

"சொந்தக்காரனை நான் அளக்கலாமா சார்?" என்று தலைமை மருத்துவரைக் கேட்டார்.

"வேற ஆள் இல்லய்யா. வீட்டுல அவன் காலைப் பாக்காம இருந்துக்கோ."

இருந்துகொண்டார். மைத்துனனோடு இடுப்புக்கு மேலேயே உறவாடினார். அவன் எழுந்தால் இவர் கண்கள் கூரைக்குப் போய்விடும். ஒருநாள் அப்படியே நடந்து கதவில் மோதி நெற்றி புடைத்தது.

"யாருக்கு வைத்தியம் பாக்கறதுன்னே புரியல" என்றாள் மனைவி.

சோதனை நாள் வந்தது. அந்த மார்க்கைப் பார்த்துத்தான் மைத்துனன் மறுபடி பஸ் ஓட்டலாமென்று தலைமை மருத்துவர் கையெழுத்துப் போடுவார். அவன் ராஜநடை போட்டான். தெரியாதப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முழு மார்க்.

"நாளைக்கு உன் தம்பி கையெழுத்து வாங்கிட்டு பஸ் எடுக்கறான்" என்று மாலையில் பெருமையாகச் சொன்னார்.

"அவனா? மாடிப்படியை உக்காந்து உக்காந்து ஏறறான். பிரேக்கை எப்படிங்க மிதிப்பான்?"

"நல்லா நடந்தானே!"

"அங்கேயும் கூரையைத்தான் பாத்தீங்களா?"

தெரியாதப்பாவுக்குத் தலை சுற்றியது. கண்ணால் பார்த்தது பொய்யா? பார்க்காமல் விட்டதுதான் மெய்யா? இப்போது பார்த்தால் ஆராய்ச்சி கெடும். பார்க்காவிட்டால் ஒரு பஸ் நிறைய ஆட்கள். மாடிக்குப் போனார். முழங்காலையே நேராகப் பார்த்தார்.

மைத்துனன் முழங்கால் மடங்காமல் தாங்கிப்பிடிக்கும், இரும்புத் தகடு வைத்த பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். காலையில் அதன்மேல்தான் உறையை மாட்டியிருக்கிறான். தழும்பை மறைக்க வந்த உறை தகட்டையும் சேர்த்து மறைத்துவிட்டது.

"அத்தான்! நீங்க பாக்கக் கூடாதுல்ல?"

"பாத்துட்டேன்டா. ஏன்டா இப்படி?"

"இன்னும் லேட்டானா டிப்போல வேற ஆளைப் போட்டுருவாங்க அத்தான்."

"பிரேக் மிதிச்சா வலிக்குமா?"

இப்போது மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

மறுநாள் காலை தலைமை மருத்துவர் பேனாவைத் திறப்பதற்குள் இவர் போய் நின்றார். "சார், எனக்குத் தெரிஞ்சுபோச்சு." பட்டை விஷயத்தைச் சொன்னார். கையெழுத்து நின்றது, இவர் பதவியும் நின்றது.

"தெரிஞ்ச ஆளை வெச்சு நான் என்னய்யா பண்றது?" என்று அவரை எக்ஸ்ரே அறை வரிசையை ஒழுங்குபடுத்த அனுப்பிவிட்டார் மருத்துவர்.

வீட்டில் மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டே காலை மட்டும் நீட்டினான். இவர் எதிரே உட்கார்ந்து அதை மெல்ல மடக்கி நீட்டிப் பழக்கினார். இனிமேல் கேட்கலாமே என்று தோன்ற, ஆசையாகக் கேட்டார்:

"ஏன்டா, உனக்கு ஸ்கேன் எடுத்தாங்களா, எக்ஸ்ரேவோட விட்டாங்களா?"

"எனக்கென்ன தெரியும் அத்தான்? வலியில கண்ணை மூடிட்டு இருந்தேன்."