ஒரு சுழி கூடிப்போன கடை

கஜேந்திரனின் வயிற்றெரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. கண்டியில் யாரிடம் போய் "புஷ்பம் கம்பனி எங்க?" என்று கேட்டாலும், "ஓ, அந்தக் கோப்பிக்கடையா?" என்றுதான் கை காட்டுகிறார்கள். புத்தகப் பெட்டி சுமந்து தோள் காய்த்துப்போனவன் அவன். கேட்டால் எரியாதா?

கோளாறு போர்டில். புஷ்பம் அக்கா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கண்டியில் ஒரு கொப்பி, பேனாக் கடையில் வேலைக்கு நின்றார். அதே கடையில் பெட்டி இறக்குகிற வேலை கஜேந்திரனுக்கு. ஒருநாள், "லயத்துப் புள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்த விட்டா வேற புத்தகமே கெடைக்கிறதில்ல தம்பி. வா, நாமளே ஒரு கடை போடுவோம்" என்று அவனையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே இடம் கிடைத்தது. 'புஷ்பம் கொப்பி, புத்தகக் கம்பனி' என்று அக்காவே தாளில் எழுதிக் கொடுத்தார். போர்டு எழுத வந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பார்த்து வரைகிறவர். 'கொ'வின் கொம்பில் ஒரு சுழி மட்டும் இருந்தால் மொட்டையாகத் தெரிகிறது என்று, அழகுக்கு இன்னொரு சுழியையும் போட்டுவிட்டுப் போனார். எழுதுகிற கொப்பி, குடிக்கிற கோப்பியாகிவிட்டது.

கடை திறந்த அன்று முதலில் வந்தவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு கோப்பி குடுங்க. சீனி கொறைச்சு."

"எம்பது பக்கமா, நூத்தறுவது பக்கமா?" என்றான் கஜேந்திரன்.

அவர் போனதும், போர்டைத் திருத்த அவன் ஏணியைத் தூக்கினான். அக்கா விடவில்லை. "வை தம்பி ஏணிய. புத்தகம்னா ஒரு ஆள் எட்டிப் பாக்காது. கோப்பின்னா வந்து குந்துறாங்கள்ல? குந்தினா நாலு பக்கம் பொரட்டுவாங்க."

மறுநாளே ஓர் அடுப்பு வந்தது. புத்தகம் விற்க வந்தவன் கோப்பை கழுவினான். ஆனால் அக்கா சொன்னதுதான் நடந்தது. புசல்லாவை பஸ்ஸுக்கு நேரமிருக்கிறவர்கள் கோப்பியும் கதைப் புத்தகமுமாக உட்கார்ந்தார்கள். முடிவு தெரியாமல் பஸ் ஏற மனசில்லாதவர்கள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து அறையையும் எடுத்தார்கள். பிறகு தோட்டங்களுக்குப் புத்தகம் கொண்டுபோக ஒரு வேனும் வந்தது.

கூடவே ஏச்சும் வந்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் நடுக்கடையில் நின்று, "கொப்பிக்கும் கோப்பிக்கும் வித்தியாசம் தெரியாதவ புத்தகம் விக்க வந்திட்டா. தோட்டத்துப் படிப்புத்தானே!" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு கோப்பி ஊற்றினார்.

கஜேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா, தாள்ல சரியாத்தானே எழுதிக் குடுத்தீங்க? வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"சொன்னா கோப்பி இனிச்சிருமா? போய்க் கோப்பையக் கழுவு."

போர்டுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் கெஞ்சுவான். "இருக்கட்டும்டா" என்று ஒரே சொல்லில் அக்கா அவன் வாயை அடைத்துவிடுவார்.

போன மாதம் அக்கா பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழும்ப மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். மடுல்கெல்லயில் இரண்டாவது கடை திறக்க எல்லாம் ஆயத்தம். கஜேந்திரன் கடுகடுப்போடுதான் கேட்டான்: "அங்க போர்டு எழுதணும். அதே கோப்பிதானே? எனக்குத் தெரியும்."

அக்கா இல்லையென்று தலையாட்டினார்.

"அங்க எங்க டீச்சர் இன்னும் இருக்காங்கடா. என் கையப் புடிச்சு எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க. கடைக்கு வருவாங்க. போர்டப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தன வருசமா நான் தொண்ட கிழியக் கத்தினது இதத்தானேக்கா! ஊரே சிரிச்சிச்சு, அப்பல்லாம்..."

"ஊரு சிரிக்கட்டும். அவங்க சிரிக்கக் கூடாது. கத்தாத, இது ஆஸ்பத்திரி."

அக்கா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். அவனிடம் அவர் கடைசியாகக் கேட்டது அதுதான்:

"பெயின்ற்காரர் வரையறப்ப நீ பக்கத்துலயே நில்லு. ஒரு சுழிதான். ரெண்டாவது போட வந்தார்னா, கையப் புடி."